சுகந்தியின் எண்ணிலிருந்து வந்த பதில்கள்

நான் பத்திரிகையில் வேலை பார்த்தவள் என்பதால், உத்திரமேரூரில் கல்லூரி மாணவிகள் ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து என்னிடம் கருத்துக் கேட்பார்கள். பக்கத்துப் பெருநகர் கிராமத்துச் சுகந்தியின் ஆய்வு, இணையத்தில் பேசிப் பழகியவர்களிடம் ஏமாந்த பெண்களைப் பற்றியது. அவர்களின் பெயர்களை அவள் மறைத்திருந்தாள். சரிபார்க்க வேண்டுமென்று உண்மைப் பெயர்களையும் எண்களையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். பத்திரிகைப் பழக்கம்.

திருத்தங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஏமாற்றுகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். அதை முதலிலேயே சொல்" என்றும், பெயர்ப் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் எழுதினேன்.

"சரிக்கா, மாத்திடறேன்" என்று பதில் வந்தது.

மறுநாள், "என் பேரு லிஸ்ட் தொலஞ்சிடுச்சிக்கா. உங்ககிட்ட இருக்கறத போட்டோ எடுத்து அனுப்புங்க. அவசரம் இல்ல" என்று வந்தது.

படம் எடுத்து அனுப்பப் போகும்போது, வாசலில் சுகந்தி வந்து நின்றாள்.

"நாலு நாளா போன் இல்லக்கா. பஸ்ல யாரோ அட்ச்சிட்டாங்க. திட்டுவீங்கன்னு பயந்துகினு வரல."

"லாக் போட்டிருந்தியா?"

"இல்லக்கா."

"நல்லா எழுதின போ, ஏமாத்தறதப் பத்தி!"

என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் சுகந்தியின் சிரித்த படம். "பொறுமையா அனுப்புங்கக்கா."

அவள் எட்டிப் படித்தாள். "நான் பேசற மாதிரியே கீதுக்கா" என்றாள். 

தாளை எடுத்த படத்தை அழித்தேன். அவளுடைய எண்ணை முடக்கினோம். இப்போது நான் யாருடைய உண்மைப் பெயரையும் கேட்பதில்லை. மாணவியை எதிரே உட்காரவைத்துத்தான் கருத்துச் சொல்கிறேன். அந்த இரண்டு நாள் நான் யாருக்குப் பாடம் நடத்தினேன் என்பது இன்னும் தெரியவில்லை.