கேட்டீகளா?

எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் அடிக்கடி யாராவது ஒருவர் எழுதிவிடுவார்: "டீச்சர், நல்ல பாட்காஸ்ட் ஒண்ணு சொல்லுங்க." காரைக்குடியிலிருந்து நாச்சியாபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வருகிற கூட்டம் நாங்கள். காதில் எதையாவது மாட்டிக்கொள்ளாவிட்டால் டிரைவர் போடுகிற பாட்டைத்தான் வழிநெடுக சகிக்க வேண்டும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் பாட்காஸ்ட் பக்கம் வந்தார்கள்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஆரம்ப இசையை நீட்டி முழக்குகிறவர்கள், தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிறவர்கள், நாம் என்னவோ கோபித்துக்கொண்டு ஓடிப்போய்த் திரும்பி வந்ததைப் போல "மறுபடியும் வருக" என்று கூவுகிறவர்கள், இவர்களையெல்லாம் நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். கணக்கு டீச்சருக்குப் பழைய கோர்ட் வழக்குகளைச் சொல்லும் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தேன். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் அந்த அம்மாவுக்குப் பஸ்ஸை விட்டு இறங்க மனசு வராது. விளையாட்டு ஆசிரியருக்குக் கிணறு வெட்டுகிறவர்களிடம் பேசும் நிகழ்ச்சி. அவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அடுத்தது இருக்கிறதா என்று தினமும் நச்சரித்தார். நம் ருசி தெரிந்த ஒருவர் "இதைக் கேளு" என்று சொல்வதில் ஒரு பிரியம் இருக்கிறது. எனக்கு அது என் வீட்டில்தான் பழக்கமானது.

என் கணவர் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் போனில் பேச எவ்வளவோ இருந்தது. வருஷம் ஏற ஏற அது "சாப்பிட்டீகளா", "அங்குட்டு வெயில் எப்படி" என்று சுருங்கிப் போனது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் கதை. ஒருநாள் ஒரு லிங்க் அனுப்பி, "இதக் கேளு, நல்லாருக்கு" என்றார். பாலைவனத்து ரோட்டில் தூக்கம் வராமலிருக்க அவர் கேட்டுக்கொண்டு போகிற பாட்காஸ்ட். எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்றே சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஒன்று அனுப்பினேன், அவர் ஒன்று அனுப்பினார். எங்களுக்கு மறுபடி பேச விஷயம் கிடைத்தது.

வீட்டில் மாமா இருந்தார். என் கணவரைப் பெற்ற அத்தா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் அவர் வாய்க்குப் பயப்படும், ஆனால் அத்தாவுக்கும் மகனுக்கும் பேச்சு எப்போதும் இரண்டே வரிதான். போனை வாங்கி "நல்லாருக்கியா?" என்பார். அந்தப் பக்கம் "இருக்கேன் அத்தா, நீங்க?" என்று வரும். "இருக்கேன்" என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிடுவார். கோபதாபம் ஒன்றும் இல்லை. பேசிப் பழகவில்லை, அவ்வளவுதான்.

சமைக்கும்போது நான் போனை ஸ்பீக்கரில் போட்டு வைப்பேன். ஹாலில் கட்டிலில் படுத்திருக்கும் மாமா "அந்தச் சனியன நிப்பாட்டும்மா" என்று சில நாள் சத்தம் போட்டார். பிறகு ஒருநாள் "கொஞ்சம் சத்தத்தக் கூட்டு" என்றார். பர்மாவுக்குக் கப்பலில் போனவர்களைப் பற்றி ஒரு பெண் சொல்லும் கதைகள் அவை. முடிந்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அவன்ட்ட சொல்லு, இந்தக் கப்பல் கதையக் கேக்கட்டும். இந்தப் புள்ள மூச்சு விட்டுப் பேசுது. மத்தவனெல்லாம் கடைசி பஸ்ஸப் பிடிக்கப் போறவன் மாதிரில்ல பேசுறான்."

அன்று அதைச் சொன்னபோது என் கணவர் "அத்தாவா சொன்னாக? அத்தாவேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாளே கேட்டு முடித்துவிட்டு, கதையில் வரும் கப்பல் கவிழ்ந்தது மாலுமியின் தப்பில்லை, காற்றின் தப்பு என்று சொல்லி அனுப்பினார். மாமா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டிக்குப் பொறுப்பு ஓட்டுறவன்தான்னு அவன்ட்ட சொல்லு. அவனும் டிரைவர்தானே, அப்படித்தான் பேசுவான்." இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. வாழ்நாளில் முதல்முறையாக அத்தாவும் மகனும் சண்டை போட்டுக்கொண்டார்கள், அதுவும் யாரோ ஒரு மாலுமிக்காக. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனமாகிவிட்டது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். போனில் என் கணவரிடம், "மொதலாளிட்ட லீவு கேளுங்க மச்சான், தள்ளிப் போடாதீக" என்றேன். முதலாளி வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் கேட்கிறேன் என்றார். அந்தப் போன் பேச்சிலேயே, பக்கத்திலிருந்த மாமா மூச்சிரைப்போடு இன்னொன்றையும் சொல்லச் சொன்னார். கப்பல்காரப் பெண் புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்திருந்தாள். அதை மகன் கேட்க வேண்டுமாம். லிங்க்கை அனுப்பினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அவசரமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "மச்சான், கேட்டீகளா?" அவ்வளவுதான். பஸ் குன்றக்குடியைத் தாண்டும்போது பதில் வந்தது. "கேட்டேன், கேட்டேன். நல்லபடியாப் போகுது. இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். அத்தாட்ட சொல்லிரு."

பஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். "மாமா, லீவு கெடச்சிருச்சு. ரெண்டு நாள்ல வந்துருவாக."

மாமா எழுந்து உட்கார்ந்தார். நாவிதரை வீட்டுக்கு வரச் சொல்லித் தாடியைச் சீராக்கிக்கொண்டார். பீரோவிலிருந்து வெள்ளைக் கைலியும் சட்டையும் எடுக்கச் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "மகன் வாரான்" என்று மூச்சு முட்ட முட்டச் சொன்னார். கட்டிலில் படுக்க மாட்டேன் என்று, தெருக்கதவைப் பார்த்து நாற்காலியைப் போடச் சொல்லி அதில் உட்கார்ந்துகொண்டார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சில்லென்றிருக்குமே என்று காலடியில் ஒரு பாயை மடித்துப் போட்டேன். "இடியாப்பத்துக்கு மாவு இருக்கா? அவனுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். மகனுக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் பிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்க அடுப்படியிலிருந்து போன் செய்தேன்.

"என்ன பிளேனு?" என்றார்.

"என்ன மச்சான், லீவு கேட்டுட்டேன்னு சொன்னீகளே."

"லீவா? நான் அந்தப் பாட்காஸ்டக் கேட்டேனான்னுல்ல நீ கேட்டதா நெனச்சேன். மொதலாளி இன்னும் ஊருக்கு வரலையே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அவர் மேல் கோபப்பட முடியாது, அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கதையையும் கேட்கத்தான் வேண்டும், லீவையும் கேட்கத்தான் வேண்டும். ஒரு சொல் பல பொருள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிற தமிழ் டீச்சர் நான். அடுப்படியில் நின்று அந்தச் சொல்லை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வேறென்ன செய்ய?

அவர் அன்றைக்கே முதலாளி இருக்கும் ஊருக்குப் போன் போட்டு, அழுது, லீவு வாங்கிவிட்டார். ஆனால் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, டிக்கெட் எடுத்து வர இன்னும் சில நாள் ஆகும். நான் ஹாலுக்கு வந்தேன். மாமா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"பிளேன் லேட்டாம் மாமா."

"ஆகட்டும்" என்றார். "எந்த வண்டி நேரத்துக்கு வந்துச்சு? ஏறிட்டான்ல, வந்துருவான்."

மறுநாள் நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன்னால் அந்த நாற்காலியிலேயே மாமா மூச்சடங்கி மவுத்தாகிவிட்டார்.

மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்காமல் காக்க வைப்பது எங்கள் வழக்கமில்லை. வெளிநாட்டு மகன் வரும்வரை வைத்திருக்கலாமா என்று ஜமாத்தில் இரண்டு விதமாகப் பேச்சு வந்தபோது, என் கணவரே போனில், "எனக்காக வைக்க வேணாம், எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போன, என் கணவரின் பெரியத்தா மகன் வீடியோ காலில் அவருக்குக் காட்டப் பார்த்திருக்கிறார். சிக்னல் சரியில்லை, படம் வரவில்லை. இணைப்பைத் துண்டிக்காமல் அப்படியே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம்.

அடக்கம் நடந்த ஐந்தாம் நாள் என் கணவர் வந்து சேர்ந்தார். பெட்டியை வைத்துவிட்டு மையவாடிக்குப் போய்த் திரும்பியவர், மாமாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். பெரியத்தா மகனின் சட்டைப் பை வழியாக அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தூக்கிப் போகிறவர்களின் மூச்சு, செருப்புச் சத்தம், மண்வெட்டி, "அங்குட்டு தள்ளு, இங்குட்டு ஈரமாருக்கு" என்று யாரோ சொன்னது. ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டபோது ஒவ்வொரு பிடியும் விழுகிற சத்தம். லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, இயர்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்டாராம்.

"எல்லாரும் போட்டாக. என் கை மண்ணு மட்டும் விழுகல" என்றார்.

பிறகு, "அத்தா என்னையத் தேடுனாகளா?" என்றார்.

அவரிடம் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. நாவிதர் வந்தது, வெள்ளைச் சட்டை, நாற்காலி, இடியாப்ப மாவு, பிளேன் லேட் என்று நான் சொன்னது, அதற்கு மாமா சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கெளம்பவே இல்லைங்கறது அவுகளுக்குத் தெரியாது."

"தெரியாது மச்சான்."

"அப்ப அத்தாவுக்கு நான் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.