முந்தியது நான், ஜெயித்தது சம்பந்தி

இன்று காலை ஜிம்மில் எனக்கும் சம்பந்திக்கும் படகு மெஷினில் போட்டி. உட்கார்ந்த இடத்திலேயே துடுப்பு இழுக்கும் மெஷின். அவருக்கு முன்பே தூரத்தை முடித்துவிட்டு, முகம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கோச் வந்தார். "வயசு, எடை ரெண்டையும் கணக்குல சேர்த்தா அவருதானுங்க ஃபர்ஸ்ட்."

"அதெப்படிங்க?"

"அவரு ஒல்லிங்க. அறுபதும் தாண்டிட்டாருங்க. ரெண்டுக்கும் சலுகை உண்டுங்க. உங்களுக்கு இன்னும் அறுபது ஆகலீங்களே."

ஒல்லிக்கு எதற்குச் சலுகை? இந்த உடம்பையும் சேர்த்து இழுத்தவன் நான்தானே?

வயது அதைவிட அநியாயம். நான் சம்பந்திக்கு மூத்தவன். பள்ளியில் சேர்த்த அன்று நான் குட்டையாக இருந்ததைப் பார்த்து, வாத்தியார் மூன்று வயதைக் குறைத்து எழுதிவிட்டார். சர்டிபிகேட்டில் அதுவே நின்றுவிட்டது. ஜிம்மிலும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

"ஏனுங்க சம்பந்தி, நிச்சயத்தன்னிக்கு மூத்தவருன்னு எனக்குத்தானே முதல்ல தாம்பூலம் குடுத்தீங்க?"

"அது மண்டபத்துலீங்க. இங்க நான்தானுங்க பெரியவன்" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

கோச்சிடம் உண்மை வயதைச் சொன்னேன்.

"அப்படின்னா நீங்கதானுங்க ஃபர்ஸ்ட். சர்டிபிகேட் மட்டும் காட்டிப்போடுங்க."

வீட்டுக்குப் போகாமல் நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்து இதை எழுதுகிறேன். முந்தியவன் எப்படித் தோற்றான் என்று நம் குழுவில் யாருக்காவது புரிந்தால் பதில் போடுங்கள். சம்பந்தி மட்டும் போட வேண்டாம்.