வட்ட ஊரில் எதிரே வந்தவள்

மகளைத் திரும்ப அழைத்து வந்துவிட வேண்டும் என்றுதான் நான் இத்தாலிக்குப் போனேன். அங்கே படிக்கப் போன முதல் குளிர்காலத்திலேயே அவளுக்கு நிமோனியா வந்து, அறைத்தோழிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததே மறுநாள்தான். விசா கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது குளிர் போய்விட்டிருந்தது. அவள் அறையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்த ஒரு நாள், எனக்கு ஒன்றும் தெரியாமல் நான் இங்கே சமைத்து, துணி மடித்து, தூங்கி எழுந்த அந்த நாள், என்னை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் படுத்து அவள் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

உடம்பு சரியாகிவிட்டது என்று எனக்குக் காட்டத்தான் அவள் என்னை ஊர் ஊராக அழைத்துப் போனாள். அந்தப் பகுதிக்குப் பெயர் பூலியா. நாட்டின் தென்கிழக்குக் கோடி. இரண்டே பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று ஒவ்வொரு கிராமத்திலும் நின்று நின்று போகும். ஜன்னலுக்கு வெளியே எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லை மாதிரியே செம்மண். அதில் பிழிந்து வைத்த புடவை போல முறுக்கிய ஒலிவ மரங்கள், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள். ஒரு கிராமத்தில் வீடுகளுக்கெல்லாம் கூம்பு போன்ற கல் கூரை. "நம்ம வைக்கோல் போர் மாதிரி இல்ல?" என்றாள். இன்னொரு ஊரில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த கோட்டையில் ஏறினோம். படி ஏறும்போதெல்லாம் நான் அவள் பின்னால் வந்தேன், விழுந்தால் பிடிக்க. மத்தியானங்களில் மொச்சை போன்ற ஒரு பயறை மசித்து, கசப்புக் கீரையோடு தட்டில் வைத்தார்கள். நம் கீரைக் கடைசலில் காரம் போட மறந்தது போல இருந்தது. இப்போது நினைத்தால் அதற்கே நாக்கு ஊறுகிறது.

எந்த ஊரிலும் அவள் தயங்காமல் பேசினாள். அந்தப் பாஷையை அவள் கல்லூரியில் தொடங்கவில்லை. செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வருஷா வருஷம் வந்து தங்கிய ஓர் இத்தாலியப் பெண்மணியிடம் எட்டு வயதில் கற்றுக்கொள்ளத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பையைப் போட்டதும் மாடிக்கு ஓடுவாள். மேலேயிருந்து இரண்டு பேரும் சிரிப்பது அடுப்படி வரை கேட்கும். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

வட்ட ஊருக்குப் போனது கடைசி வாரத்தில். ஒரு குன்றின் உச்சியில், தோசைக்கல் போல வட்டமாக ஒரு பழைய ஊர். எல்லா வீடும் வெள்ளை. ஊரின் விளிம்பில் சுற்றிலும் ஒரே தெரு. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கீழே திராட்சைத் தோட்டங்கள். நான் தேவாலயத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். அவள் போன் பேச வெளியே போனாள். நான் வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். என் போன் அவள் போனை நம்பித்தான் வேலை செய்யும். அவள் இல்லாவிட்டால் அதில் படம் பார்க்கலாம், அவ்வளவுதான். மத்தியானத் தூக்கத்துக்குக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. எங்கேயோ மயங்கி விழுந்து கிடக்கிறாள் என்றே என் மனசு சொன்னது.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காகச் சின்ன வயதில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். கை விட்டுப்போனால் பின்னால் திரும்பக் கூடாது. மலையை வலது பக்கம் வைத்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையில் நம் ஆட்கள் காத்திருப்பார்கள். எனக்கும் என் அம்மா சொன்னது அதுதான். கால் தானாகத் திரும்பியது. ஊரை வலப்பக்கம் வைத்து நடந்தேன்.

ஒரு வாசலில் ஒருவர் பூத்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போனில் மகளின் படத்தைக் காட்டினேன். முன்னால் கையைக் காட்டினார். வேகமாக நடந்தேன். முழுச் சுற்று வந்து மறுபடி அவரிடமே வந்து நின்றேன். மறுபடியும் முன்னால்தான் காட்டினார், இந்த முறை இரண்டு கையாலும். கிட்டத்தட்ட ஓடினேன்.

பாதிச் சுற்றில், வளைவுக்கு அப்பாலிருந்து அவள் எனக்கு எதிரே வந்தாள். அழவேண்டிய நேரத்தில் என் வாயில் வந்தது வேறு.

"ஏண்டி எதிர்ல வர்ற?"

அவள் என் கையைப் பிடித்துச் சுவரோரம் உட்கார வைத்தாள். அவளும் என்னைத் தேடி அதே பக்கமாகத்தான் சுற்றியிருக்கிறாள். பூத்தொட்டிக்காரர் அவளிடமும், உன் அம்மா முன்னால் போகிறாள் என்றே சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் அடி அண்ணாமலை இல்லை, யாரும் எங்கும் காத்திருக்கவில்லை என்பது முதலில் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு இரண்டாவது சுற்றில் உறைத்திருக்கிறது.

"நீ நிக்க மாட்ட, திரும்பவும் மாட்டனு தெரியும்மா. அதான் நான் திரும்பிட்டேன்" என்றாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டுப் பார்த்தேன். சீராகத்தான் இருந்தது.

"கூட்டிட்டுப் போகத்தானே வந்த?" என்று கேட்டாள், தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா."

"இப்ப?"

தண்ணீர் கேட்டேன். பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் வரை அங்கேயே இருந்தோம். அவள் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று நான் வழியெல்லாம் கட்டி வைத்திருந்த பேச்சை அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. தனியாகத்தான் ஊர் திரும்பினேன். என் கணவர் விமான நிலையத்தில் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில சாயங்காலங்களில் அவள் போனை எடுப்பதில்லை. முன்பெல்லாம் அறைத்தோழியைக் கூப்பிடுவேன், கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பேன், மறுபடி கூப்பிடுவேன். இப்போது போனை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறேன். எதிரே மலை இருட்டத் தொடங்கும். மேலே குடியிருப்பவர்கள் என்னைத் தாண்டி ஏறிப் போவார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிடுவாள். "எங்கம்மா இருக்க?" என்பாள். "இங்கதான், படியில" என்பேன்.