பெரட்டில் சொன்ன மூன்று

என் மனைவியின் வயிற்றிலிருந்த மூன்று உயிர்களை என்ன செய்வதென்று நாங்கள் முடிவெடுப்பதற்குள், அந்தச் செய்தியை ஒரு தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் தெரியப்படுத்திய முட்டாள் நான். மனைவியின் அண்ணனிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் காதோடு காதாக. ஆனால் மச்சான் கங்காணி. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் காலமெல்லாம் கத்திப் பழகிய தொண்டை அவருடையது. ரகசியத்தைச் சொல்லவும் அவரிடம் வேறு தொண்டை கிடையாது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் பதுளையில் வாத்தியார். கல்யாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளையில்லை. ஒரு தடவை தங்கியதும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அவள் பிறந்த தோட்டத்துக்குப் போனால், "மாஸ்டரு நெறய புஸ்தகம் படிக்கிறாரு போல" என்பார்கள். அதற்கும் பிள்ளையில்லாததற்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர்களுடைய சிரிப்பு விளக்கும்.

கொழும்பில் வைத்தியம் பார்த்தோம். டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. ஸ்கேன் திரையைக் காட்டி, "மூண்டு இதயம் துடிக்குது" என்றார். நான் பரீட்சையில் விசேட சித்தி பெற்றவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சந்தோசப்பட அவசரப்படாதேங்கோ. இவ சின்ன உடம்பு, முன்னமும் ஒண்டு தவறியிருக்கு. மூண்டையும் வைச்சிருந்தா மூண்டுமே போகலாம், இவவுக்கும் ஆபத்து. இப்பவே ஒண்டைக் குறைச்சா மற்ற ரெண்டும் தப்பலாம். இஞ்ச சட்டம் விடாது, சென்னையில செய்யினம். செய்யுங்கோ எண்டும் நான் சொல்லேல்ல, செய்யாதேங்கோ எண்டும் சொல்லேல்ல. ரெண்டு கிழமைக்குள்ள யோசிச்சு முடிவெடுங்கோ. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

கடைசி வசனத்தைத் தவிர மற்றதெல்லாம் என் காதில் ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். எட்டு வருடச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் திரும்ப மனமில்லை. திங்கட்கிழமைப் பெரட்டில், கொழுந்தெடுக்கும் பெண்களைப் பிரித்து அனுப்பும் முன், மச்சான் அறிவித்துவிட்டார்: "நம்ம மாஸ்டருக்கு ஒரே நேரத்துல மூணாம்." கைதட்டல்கூட இருந்ததாம்.

செவ்வாய்க்கிழமை அது என் மனைவியின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப ஒன்ன கொறச்சோம்னா அங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "ஒரு ஆளு இன்னிக்கி வேலைக்கி வரலன்னா?"

இடிந்துபோன நான், படித்தவர்கள் வழக்கமாக ஒளியும் இடத்தில் ஒளிந்தேன். நூலகத்திலிருந்து அறவியல் நூல்களைச் சுமந்து வந்தேன். ஒன்றில் எனக்கு வேண்டியது கிடைத்தது. ஒரு படகு. அதில் தாங்கக்கூடியதைவிட அதிகம் பேர். ஒருவரை இறக்கினால் மற்றவர்கள் கரைசேரலாம். இறக்குவது தர்மமா? குறைக்கும் கட்சிக்கும் குறைக்கக்கூடாது என்ற கட்சிக்கும் நானே பேசினேன். இரண்டு பக்கமும் நன்றாகவே பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்தப் படகுல நான் எங்க இருக்கேன்?"

நான் நூலைப் புரட்டினேன்.

"தேடாதீங்க. நான்தான் படகு," என்றாள். "முங்குனா அதுவுஞ் சேந்துதான் முங்கும்."

நூலாசிரியர் இதை யோசித்திருக்கவில்லை. அவர் ஆண் என்பதைப் பின்னட்டைப் படத்தில் உறுதிசெய்துகொண்டேன்.

மறுநாள் அவளே டாக்டருக்குப் போன் பண்ணினாள். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றில் எது என்பதை யார் பார்த்துச் சொல்வார்கள் என்று கேட்டாள்.

"ஆரும் தெரிவு செய்யிறேல்ல பிள்ளை. மூண்டும் ஒரே மாதிரி நல்லா இருந்தா, ஊசிக்குக் கிட்ட இருக்கிறதுதான்."

அவள் போனை வைத்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள். "போன தடவ ஒன்னையே என்னால புடிச்சி வைக்க முடியல. இது பாவமா இல்லயான்னு ஒங்க புஸ்தகத்துக்கும் தெரியல, எனக்கும் தெரியல. பாவம்னா அத நான் தூக்கிக்கிறேன். மூணயும் தூக்க என்னால முடியாது."

சென்னைக்குப் போய் வந்தோம். கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பெரகலையில் பஸ் தேநீருக்காக நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப சமத்துப் புள்ள," என்றாள். "கைக்கு எட்டுற எடத்துல உக்காந்திருந்துச்சி."

அதற்குப் பிறகு அவள் மூன்றாவதைப் பற்றிப் பேசியதில்லை. எந்த விஷயத்துக்கும் மேற்கோள் வைத்திருக்கிற நான், இறங்கிப் போய் அவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கி வந்தேன். அதிலும் சீனி போட மறந்துவிட்டேன். அவள் அதைக் குடித்தாள்.

மிச்ச மாதங்களைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்து, இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றாள். படகு முழுசாகக் கரை சேர்ந்தது. எனக்கு இன்னும் ஒரு கண்டம் பாக்கியிருந்தது. தோட்டத்துக்குப் போக வேண்டும். மூன்று என்று கைதட்டியவர்கள் முன்னால் இரண்டோடு போய் நிற்க வேண்டும். பொய் சொல்வதா, உண்மையைச் சொல்வதா, உண்மையில் எவ்வளவு சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் யோக்கியதை தெரிந்தவளாதலால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சானின் லயத்து வீட்டு வாசலில் பெண்கள் குழந்தைகளை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நாகரிகம், மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைத்து, மச்சானைக் கோடிப்பக்கம் கூட்டிப்போனேன்.

"மச்சான், அன்னிக்கி ஒங்ககிட்ட மூணுன்னு சொன்னேன்ல..." என்று தொடங்கினேன்.

அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"அட, அத விடுங்க மாப்ள. அன்னிக்கே பெரட்டுல எல்லாருஞ் சொன்னாங்க, ரெண்டாத்தான் இருக்கும்னு. நீங்க என்னிக்கி உள்ளத உள்ளபடி சொல்லியிருக்கீங்க?"