முதல் இடத்துக்காரி

கீரை வியாபாரத்துக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று வெயில், இன்னொன்று பின்வரிசை. வெயிலுக்கு ஈரச்சாக்கு போட்டுச் சமாளிக்கலாம். பின்வரிசைக்கு எதைப் போடுவது? கடைசி இடத்தில் கடை விரித்து, வாடின கீரையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப்போய்த் தானே கடைந்து சாப்பிட்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். புரியாதவர்கள் எழுபதுகளின் கடைசியில் நாங்கள் விளாங்குடியில் நடத்திய அந்திக்கடைக்கு ஒருதடவை வந்திருக்கவேண்டும்.

நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசை

அது முழுக்கப் பெண்கள் நடத்திய சந்தை. பகலில் கட்டட வேலையில் சித்தாள், சாயங்காலம் வியாபாரி. ரோட்டை ஒட்டிய முதல் இடத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் அங்கேயே வாங்கிவிடுவார்கள். அதற்காகத் தினமும் சண்டை. ஒருநாள் பேச்சியக்காவும் இன்னொருத்தியும் முடியைப் பிடித்து இழுத்ததில், இருவருடைய தக்காளியும் லாரிச் சக்கரத்துக்குப் போனது. அன்றைக்கே எல்லோரும் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தோம். இன்று முதலில் இருப்பவள் நாளை கடைசிக்குப் போகவேண்டும். மற்றவர்கள் ஒவ்வொரு இடமாக முன்னால் நகரவேண்டும். தலைவி என்று யாரும் கிடையாது.

இதில் அவதிப்பட்டவர் என்னிடம் மட்டுமே கீரை வாங்கும் ஒரு ரிடையர்டு வாத்தியார். மஞ்சப்பையும் கையுமாக வரிசை நெடுகத் தேடிவந்தவர், ஒருநாள் கடைசி இடத்தில் என்னைக் கண்டதும் அலுத்துக்கொண்டார்: "நேத்து ரோட்டு மேல இருந்த, இன்னைக்குக் கருவேல மரத்தடியில இருக்க. உன்னையக் கண்டுபிடிச்சுக் கீரை வாங்கிட்டுப் போறதுக்குள்ள வீட்டுல ரசம் வச்சு முடிச்சிர்றாங்கம்மா."

குப்பைமேடு

அந்த இடம் முன்பு குப்பைமேடு. ரோட்டோரத்தில் போலீஸ்காரரின் லத்திக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த எங்களிடம், வேண்டுமானால் அங்கே போய் உட்காருங்கள் என்று பஞ்சாயத்து ஆபீசில் கையைக் காட்டிவிட்டார்கள். உடைந்த கண்ணாடியையும் செத்த நாயையும் அள்ளிப்போட்டு, மண் கொட்டி நிரவினோம். காலில் தழும்பு இல்லாத ஒருத்தி எங்களில் கிடையாது. இடம் சுத்தமானதும் ஊர் ரைஸ்மில் முதலாளிக்கு அங்கே வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று தோன்றிவிட்டது. குப்பையாகக் கிடந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்தான்.

முதலில் அதட்டிப் பார்த்தார். நாங்கள் வேலையிலிருந்து வரும்போது சந்தை முழுக்கச் செங்கல் இறக்கிக் கிடந்தது. பேச்சியக்கா முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்தாள், குனிந்தாள், தூக்கினாள். பகல் பூராவும் செய்த வேலை, இன்னும் கொஞ்ச நேரம் செய்தால் என்ன? ஒரு கல்கூட உடையாமல் ஓரமாக அடுக்கிவிட்டுக் கடை விரித்தோம். அடுத்த நடை கல்லோடு வந்த லாரி டிரைவர் எங்களையும் பார்த்தார், அடுக்கையும் பார்த்தார். இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "மொதலாளி கட்டடம் கட்டணும்னா கல்லுச் சொமக்க இவுகளத்தானே கூப்பிடணும்? இத அவருக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

சிமெண்டுத் தரை

அதட்டல் எடுபடவில்லை என்றதும் முதலாளி குரலை மாற்றிக்கொண்டார். சந்தைக்காரர்கள் தாங்களாகவே சம்மதித்துக் காலி செய்தால்தான் இடத்தைத் தரமுடியும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஆகவே தலைவியை வளைத்தால் போதும் என்று கணக்குப் போட்டார். தலைவி எங்கே இருப்பாள்? முதல் இடத்தில்தானே! அன்று அங்கே நான் இருந்தேன். எல்லோரையும் கிளப்பிவிட்டால் புதுக் கட்டடத்தில் முதல் கடை உனக்கு, சிமெண்டுத் தரை, ஷட்டர் கதவு என்றார். ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு ஷட்டர் கதவு என்றால் என்னவென்று தெரியும். ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கீரைமேல் ஈரச்சாக்கை இழுத்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றேன். யோசிக்க நேரம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தவர் முதல் இடத்தில் இருளாயியைப் பார்த்ததும், தலைவியை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அதே கடையை அவளுக்குத் தருவதாகச் சொன்னார். இருளாயிக்குப் புருஷன் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்கள். அவள் தலையாட்டிவிட்டாள். பேச்சியக்கா கொதித்துப்போய் எழுந்தாள். நான்தான் கடைசி இடத்திலிருந்து ஓடிவந்து பிடித்து உட்காரவைத்தேன். அவள் என்னை முறைத்தபடி சொன்னாள்: "அவ தலையாட்டுனா நம்ம அம்புட்டுப் பேரு கழுத்தும்ல போகுது."

நேற்றா, இன்றா

அடுத்த நாளே முதலாளி பஞ்சாயத்து ஆபீசரைக் கூட்டிவந்துவிட்டார். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, முதல் இடத்தில் இருக்கும் அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லியே அழைத்து வந்திருக்கிறார். ஆனால் சந்தை ஓர் இடம் நகர்ந்துவிட்டது. இருளாயி கருவேல மரத்தடிக்குப் போயிருந்தாள். முதல் இடத்தில் இருந்தது பேச்சியக்கா! காலி செய்யச் சம்மதித்தீர்களாமே என்று ஆபீசர் கேட்டதுதான் தாமதம், அவள் முருங்கைக்காயை ஓங்கிக்கொண்டு எழுந்த வேகத்தில் பாவம் அவர் இரண்டடி பின்வாங்கினார். முதலாளி வரிசையை ஒருதடவை கண்ணால் துழாவி, கடைசியில் இருளாயியைக் கண்டுபிடித்து, இவள்தான், இவள்தான் என்று ஆபீசரை அவளிடம் இழுத்துக்கொண்டு போனார்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் மறுபடியும் லத்திக்கு முன்னால்தான். நேற்று நீங்கள் சம்மதித்தது உண்மையா என்று ஆபீசர் கேட்டார். இருளாயி மடியில் இருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முதலாளியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "ஆமாங்கய்யா, நேத்து முன்னால இருந்தேன், ரோடு மட்டுந்தேன் தெரிஞ்சது, தலையாட்டிட்டேன். இன்னைக்குப் பின்னால இருக்கேன், இம்புட்டுப் பேரு முதுகும் தெரியுது. காலி பண்ண மாட்டோம்."

ஓரமாக அடுக்கின செங்கல்லை முதலாளியே ஆள் வைத்து அள்ளிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் வீட்டு மருமகளே சாயங்காலமானால் கூடையைத் தூக்கிக்கொண்டு, நேற்று முதலில் இருந்த அம்மா எங்கே என்று எங்கள் வரிசையில் தேடிக்கொண்டிருப்பாள்.