கப்பல் பள்ளிக்கூடத்துக்குப் போன மாமா

என் மாமா கப்பல் பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்ட வருஷம் எனக்கு எட்டு வயது, அவருக்குப் பதினேழு. அம்மாவின் கடைசித் தம்பி அவர். தளவானூரிலிருந்து வந்து செஞ்சியில் எங்கள் வீட்டில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்திருந்தார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்தைவிடப் பெரிய தண்ணீரை எங்கள் வீட்டில் நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவைத் தவிர யாருமே பார்த்ததில்லை.

பம்பாயில் கரையோரம் நிறுத்தியிருக்கும் ஒரு கப்பலிலேயே பள்ளிக்கூடம் நடக்கிறது, அங்கே படித்துத் தேறினால் சரக்குக் கப்பல்களில் அதிகாரி ஆகலாம் என்று மாமா செய்தித்தாளில் படித்துவிட்டு வந்து சொன்னார். நைனா சைக்கிள் கடை வைத்திருந்தவர். பழுது பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்.

“தண்ணியில போறதுக்குப் பள்ளிக்கூடமா? மீன் புடிக்கிறவன்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்?” என்றார்.

அதற்குப் பதில் சொன்னவர் கடலூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா. அவர் இருபது வருஷம் சரக்குக் கப்பலில் கலாசியாக வேலை செய்தவர்.

“இருபது வருசம் துரு சொரண்டிப் பெயின்ட் அடிச்சேன்டா. கப்பல் எங்க போவுதுன்னுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச பசங்க மீசை மொளைக்கறதுக்குள்ள மேல நின்னுகிட்டு நட்சத்திரத்தைப் பார்த்து வழி சொல்லுவானுங்க. கைத்தொழில் வேற, அது வேற. இவனை அனுப்பு.”

“சரி, போடு” என்றார் நைனா. மாமா மனுப் போட்டார். பதிலோடு ஓர் அச்சடித்த தாளும் வந்தது. உயரம், மார்பளவு, பல் என்று அதில் பல நிபந்தனைகள். எல்லாவற்றையும் எங்களுக்கு உரக்கப் படித்துக்காட்டிய மாமா, ஒன்றை மட்டும் மனதுக்குள்ளேயே படித்தார். தூரத்து விளக்கு என்ன நிறம் என்று பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்பது அது.

வேலியில் பழுத்த கோவைப்பழத்தை மாமாவால் கண்டுபிடிக்க முடியாது. இலைக்கு நடுவே நான் பார்த்துப் பார்த்துப் பறிப்பேன். அவர் அதே இடத்தில் நின்று, “எங்க இருக்குது?” என்பார். அவருக்குக் கவனம் பத்தாது என்றுதான் அம்மா சொல்லிவந்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மாமா என்னைச் செட்டிக்குளத்துக்கு அழைத்துப் போனார். நைனாவின் டார்ச் விளக்கும், மிட்டாய்க் கடையில் வாங்கிய சிவப்பு, பச்சைக் கண்ணாடித்தாள்களும் அவர் கையில் இருந்தன. ஒரு கரைப் படியில் என்னை நிறுத்திவிட்டு அவர் எதிர்க்கரைக்குப் போனார். நான் ஏதாவது ஒரு தாளை மடித்து விளக்கின் முகத்தில் வைத்து அடிக்க வேண்டும், அவர் நிறத்தைச் சொல்ல வேண்டும்.

“பச்சை!” என்று கத்தினார். நான் காட்டியது சிவப்பு.

“தப்பு மாமா!”

அன்று நிறைய தப்பு. அவர் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் என்ன சொன்னாலும் நான், “சரி!” என்றேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தாயம் ஆடும்போது எனக்காக அவர் எத்தனையோ முறை விட்டுக்கொடுத்திருக்கிறார். இப்போது என் முறை. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மாமாவின் முகமே மாறிவிட்டது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“பழக்கம்தான் பாப்பா. கண்ணையும் பழக்கிடலாம்.”

சென்னையில் நடந்த எழுத்துப் பரீட்சையில் அவர் தேறினார். உடல் பரிசோதனைக்குப் பம்பாய் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடமே வேண்டாம் என்ற நைனாதான் திண்டிவனம்வரை கூடப் போய் ரயிலேற்றிவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “நம்ம மச்சான் கேப்டனுக்குப் படிக்கப் போயிருக்கான்” என்று பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்.

இரண்டாம் வாரம் மத்தியான பஸ்ஸில் மாமா திரும்பி வந்தார். கடையிலிருந்து முதலில் பார்த்தவர் நைனா. எதுவும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு டீ வாங்கிக்கொடுத்து, வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

“கண்ணு சரியில்லைன்னுட்டாங்க” என்றார் மாமா.

“இன்னாது? ஊசியில நூல் கோக்கிறவன்டா நீ! எந்தக் குருடன் சொன்னான்?” என்று அம்மா கத்தினாள்.

“வுடு” என்றார் நைனா.

பிற்பாடு மாமா சர்வே இலாகாவில் சேர்ந்து, சங்கிலி பிடித்து நிலம் அளந்து, நல்லபடியாகவே வாழ்ந்தார். ஆனால் வந்த புதிதில் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே படுத்துக்கிடந்தார். நான்காம் நாள் சாயங்காலம் டார்ச் இல்லாமல் என்னைக் குளக்கரைக்குக் கூட்டிப்போனார்.

“நெசத்தைச் சொல்லு பாப்பா. நான் சொன்னதுல எத்தினி தப்பு?”

“பாதி” என்றேன்.

“ஏன் சொல்லல?”

“நீதான் கப்பலுக்குப் போவணும்னு சொன்னியே.”

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பம்பாயில் நடந்ததைச் சொன்னார். இருட்டறையில் சின்ன ஓட்டை வழியாக மாற்றி மாற்றி விளக்குக் காட்டினார்களாம். இவர் கெஞ்சியதும் அங்கிருந்த டாக்டர் இன்னொரு முறை முழுதாகக் காட்டினாராம். கடைசியில் தோளில் கைவைத்து, “இது உன் குற்றமில்லை தம்பி. ஆனால் நீ முழித்திருக்கிறாய் என்று நம்பிக் கப்பலில் எல்லாரும் தூங்குவார்கள்” என்றாராம்.

“நல்ல எடம் பாப்பா அது. பார்த்துத்தான் சேக்கறாங்க” என்றார் மாமா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. துரத்தி அனுப்பியவர்களைப் போய் நல்லவர்கள் என்கிறாரே.

“நானா இருந்தா உன்னைச் சேத்துக்குவேன் மாமா.”



“தெரியும். அதான் பயமா இருக்குது” என்றார் மாமா.

இருட்டிவிட்டதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.