காட்டிக்கொடுக்காத ரீடர்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு டவுட்டு என்று பெயர். முகத்துக்கு நேரே நான் மட்டும் அண்ணே என்பேன். பதினோரு வருஷமாக ஒரே கருவிப் பையை இருவரும் மாற்றி மாற்றித் தூக்குகிறோம். லிஃப்ட் கயிற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று எழுதுகிற ஆள் இல்லை அவர். பழைய பனியன் துணியை அதன்மேல் சுற்றிப் பிடித்து, கயிற்றை மெதுவாக ஓடவிட்டு, துணி எங்காவது மாட்டுகிறதா என்று பார்ப்பார். மாட்டினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. மாட்டவில்லை என்றால் துணியைச் சந்தேகப்படுவார்.

மதியம் சாப்பிட்டதும் மெஷின் ரூமில் கால் நீட்டி உட்கார்ந்து ஃபோனில் வலைப்பூ படிப்பார். அறுபது எழுபது பேருடையது. ஒவ்வொருவர் பக்கத்துக்கும் போய்த் தேட வேண்டாம். யார் புதிதாக எழுதினாலும் ஒரே இடத்தில் கொண்டுவந்து அடுக்கித் தரும் ரீடர் ஒன்று வைத்திருந்தார். ஒன்பது வருஷமாக அதேதான். ஒருநாள் அது, இந்த மாதத்தோடு மூடுகிறோம், உங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டது. அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வேறு ரீடருக்கா பஞ்சம், பாதிப்பேர் சும்மாவே தருகிறார்களே என்றேன்.

"அதான் இடிக்குது" என்றார்.

அவ்வளவு பேரில் ஒருவருடையதைப் பற்றித்தான் அவருக்குக் கவலை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அது அவர் மகளுடையது.

மகள் வேறு ஊரில் ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷம் முன்பு, ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள். இவர் லீவு போட்டுவிட்டு, அந்தப் பையனின் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் மூன்று நாள் உட்கார்ந்தார். எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு போகிறான் என்று எல்லாம் குறித்துக்கொண்டார். குறை சொல்ல ஒன்றும் சிக்கவில்லை. நான்காம் நாள் அவனே ரோட்டைத் தாண்டி வந்து, ஏதாவது வேணுமா சார் என்று கேட்டான். கல்யாணம் நின்றுபோனது. மகள் ஊர் மாறிப் போனாள். அம்மாவிடம் தினமும் பேசுவாள். இவர் ஃபோனை வாங்கினால் வைத்துவிடுவாள்.

அவள் பெயர் போடாமல் எழுதிய வலைப்பூ ஒன்று தற்செயலாக இவர் கண்ணில் பட்டது. ஊசிக்குப் பயந்த பூனையை ஒரு கை பிடித்திருந்த படம். மணிக்கட்டில், சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அப்பனுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அவளை ரீடர் வழியாகவே படித்து வந்தார். நேரே அவள் பக்கத்துக்குப் போனால், எந்த ஊரிலிருந்து ஆள் வந்தது என்று அவளுக்குக் காட்டிவிடும். ரீடர் என்றால் வாசல்படி மிதிக்காமல் எட்டிப் பார்த்த மாதிரி.

"புதுசா வர்ற ரீடர் அவகிட்ட போட்டுக் குடுத்துட்டா?" என்றார்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார். தன் பெயரில் தானே ஒரு வலைப்பூ தொடங்கி, லிஃப்ட் பற்றி மூன்று பதிவு எழுதிப் போட்டார். பிறகு ஒவ்வொரு ரீடரிலும் சேர்ந்து, தன் வலைப்பூவைத் தானே பின்தொடர்ந்து, எழுதுகிறவருக்கு என்ன தகவல் போகிறது என்று பார்த்தார். முதல் ரீடர், இன்னார் உங்களைப் படிக்கிறார் என்று முழுப்பெயர், புகைப்படத்தோடு அவருக்கே மெயில் அனுப்பியது. அதை விட்டார். இரண்டாவது, உள்ளே நுழையும்போதே ஃபோனில் இருக்கும் நம்பர்களைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறது. கண்ணாடி போடாமல் சரி என்று அமுக்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் கணக்கை மூடினாலும், இரண்டு நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது, யார் என்று சொல்லவில்லை. வாசகர் ஒன்று என்று எண்ணிக்கை மட்டும் காட்டியது. ஒரு வாரம் வேவு பார்த்துவிட்டுப் பட்டியலை அதற்கு மாற்றினார்.

பத்து நாள் கழித்து அவருடைய வலைப்பூவில் வாசகர் இரண்டு என்று காட்டியது.

ரீடர்காரன் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி மயக்குகிறான் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்கப்புறம்தான் அந்த மூன்று பதிவையும் முதல்முறையாகப் படித்தேன். முதலாவது கயிறு பற்றி. அடுத்தது, பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வரும் என்று நம்புகிறவர்கள் பற்றி. மூன்றாவது, என்னிடம்கூடச் சொல்லாத கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லிஃப்ட் கதவின் பூட்டைக் கையால் இழுத்துப் பார்க்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மறுநாள் லிஃப்ட் வராமலே கதவு திறந்திருக்கிறது. கைநிறையக் கடிதத்தோடு நின்ற தபால்காரர் ஒரு மாடி உயரத்திலிருந்து குழிக்குள் விழுந்தார். அதன்பிறகு அவரால் சரியாக நடக்க முடியவில்லை.

மறுநாள் மதியம் மெஷின் ரூமில் இருந்தோம். ஃபோன் அடித்தது. மகளின் நம்பர். கையெல்லாம் கிரீஸ் என்பதால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். இரு என்று சைகை காட்டினார்.

"அந்த தபால்காரர் விஷயத்தை ஏன்ப்பா வீட்டுல சொல்லவே இல்ல?"

"உனக்கு அது எப்படிக் கிடைச்சுது?"

அவளும் ஏதோ ஒரு ரீடர் வைத்திருக்கிறாள். இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று அதுவே கொண்டுவந்து காட்டியதாம். பெயரைக் கேட்டார். இவர் பத்து நிமிஷத்தில் மூடிய அதே ரீடர். கணக்கை மூடியும், அவர் ஃபோனிலிருந்து எடுத்த நம்பர்களை அது விடவில்லை; அதில் மகளுடையதும் இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள்தான் அடுத்துக் கேட்டாள்.

"அப்பா, நீங்க என்னோடதப் படிக்கிறீங்களா?"

பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"படிக்கிறேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். அந்த ஊசிக்குப் பயந்த பூனை படம் போட்டதுலேருந்து."

"ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே."

"எழுதினா நீ நிறுத்திடுவேன்னு பயம்."

"நிறுத்தியிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு அம்மாவின் முழங்கால் வலி பற்றிக் கேட்டாள். இவர் பதில் சொன்னார். ஜெராக்ஸ் கடைப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. வைக்கும்போது, இனிமே பார்த்துத்தான் எழுதணும் போல என்றாள்.

இப்போது வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவது ரீடர்காரர்களுக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதி அனுப்பினார். அவர்கள் புண்ணியத்தில்தானே மகள் பேசினாள் என்று நான் சொன்னதற்கு, அது வேற கணக்கு என்றார். அவருடைய வலைப்பூவுக்கு நாற்பது வாசகர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப்பேர் ஆளே இல்லை என்கிறார்.

மகளின் வலைப்பூவில் நாய்களும் பூனைகளும் வருகின்றன. அவளைப் பற்றி மட்டும் இப்போது வருவதில்லை. "வேற எங்கயோ வேற பேர்ல எழுதறா, தம்பி. இங்க முன்னாடி இருந்த நடை இல்ல" என்றார் போன வாரம். தேடிப் பார்த்தீங்களா என்று கேட்டேன். ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். தேடவில்லை என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.